யார் முதலில் போவது?

இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஓர் இடத்துக்கு வருகின்றன. அங்கே ஒரு வண்டி போகத்தான் இடம் இருக்கிறது. யார் முதலில் போவது?

சின்னக் கேள்விதான். ஆனால், விடை தெரியாமல் போனால் உயிரே போய்விடும்!

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 49 பேர்! காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பி, மாலையில் திரும்பி வராதவர்கள் இவர்கள்.

எல்லா விபத்துக்கும் ஒரே காரணம் இல்லை. வேகம் ஒரு காரணம். குடி ஒரு காரணம். தூக்கம் ஒரு காரணம். "நான்தான் முதலில் போவேன்" என்ற பிடிவாதமும் ஒரு காரணம். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் கியர் போடக் கற்றுக்கொள்கிறார்கள். பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வழி விடக் கற்றுக்கொள்கிறார்களா?

அந்தப் பாடத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

கள்ளக்குறிச்சி, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. இங்கே வண்டி ஓட்டப் பழகுகிறவருக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒன்று சமவெளி. மற்றொன்று மலை.

சமவெளியில் சேலம்-உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓடுகிறது. கிராமத்துச் சாலைகள் அதில் வந்து சேருகின்றன. நகரத்துக்குள் வந்தால் நான்கு முனைச் சந்திப்பு. பஸ், லாரி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள், கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் அங்கே கூடும்.

மேற்கே போனால் கச்சிராயபாளையம், கோமுகி அணை. அதற்கு அப்பால் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அங்கே எதிரே ஒரு வண்டி வந்தால் என்ன செய்வது?

சமவெளிப் பாடம் வேறு, மலைப் பாடம் வேறு என்று தோன்றும். இரண்டும் ஒன்றுதான் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் 'எல்' பலகை

பழகுநர் உரிமத்தை எல்லாரும் 'எல்.எல்.ஆர்.' என்றே சொல்கிறார்கள். அது 6 மாதத்துக்குச் செல்லும். அதை வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும்.

வண்டியின் முன்னும் பின்னும், வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'எல்' இருக்க வேண்டும். பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். மோட்டார் சைக்கிள் பழகுகிறவர், சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. தம்பி ஆசைப்பட்டாலும் சரி, தங்கை அழுதாலும் சரி, கூடாது!

'எல்' பலகையைக் கண்டு கூச்சப்பட வேண்டியதில்லை. "இவர் புதியவர், கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்ளும் பலகை அது.

கோயிலை வலம் வருவது போல

கள்ளக்குறிச்சியில் பழகியவர் நாளைக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அங்கே சாலைகள் கூடும் இடத்தில், நடுவே வட்டமாக ஒரு திட்டு இருக்கும். அதில் சிலை இருக்கும், அல்லது பூச்செடி இருக்கும். இதைத்தான் 'ரவுண்டானா' என்கிறோம். புதியவர்கள் மிகவும் பயப்படும் இடம் இது.

வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்ல ஓர் அடையாளப் பலகை உண்டு. சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம். அதற்குள் மூன்று அம்புகள் ஒன்றை ஒன்று துரத்துவது போல வட்டமிடும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்ற குழப்பம் நமக்கு வரவே கூடாது. கோயிலுக்குப் போகிறோம், சந்நிதியை வலம் வருகிறோம். சுவாமி எப்போதும் நம் வலக்கைப் பக்கம்தான் இருப்பார். ரவுண்டானாவிலும் அப்படியே. நடுத்திட்டு நம் வலப்பக்கம் இருக்க வேண்டும். கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். அமெரிக்காவிலும் பிரான்சிலும் சாலையின் வலப்புறம் ஓட்டுவதால், அங்கே எதிர்த் திசையில் சுற்றுவார்கள்.

வலப்பக்கச் சாலைக்குத் திரும்ப வேண்டியவர் சிலர், சுற்றுவதற்குச் சோம்பல் பட்டுத் திட்டுக்கு வலப்பக்கமாகவே குறுக்கே புகுந்துவிடுகிறார்கள். அரை நிமிடம் மிச்சம்தான். ஆனால், அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அவர் வருவார் என்று அந்த வண்டிக்காரரும் எதிர்பார்க்கவில்லை. மோதிய பிறகு யாரை நோவது?

உள்ளே இருப்பவருக்கே வழி!

ரவுண்டானாவின் தலையாய விதி இதுதான்: வட்டத்துக்குள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முதல் உரிமை. புதிதாக நுழைகிறவர், காத்திருந்து வழி விட்டு, இடம் கிடைத்த பிறகே நுழைய வேண்டும்.

"நான் பெரிய சாலையிலிருந்து வருகிறேன். அவர் சின்னச் சாலையிலிருந்து வந்தவர். நான் ஏன் நிற்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு விளையாடலாம். குழந்தைகளையும் கூப்பிடுங்கள்.

வீட்டுத் தரையில் கோலமாவால் ஒரு வட்டம் போடுங்கள். நான்கு பக்கமும் நான்கு சாலைகள் வரையுங்கள். எட்டுத் தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள், ஒவ்வொரு சாலை வாயிலுக்கும் சற்று முன்னால் ஒரு பெட்டி வையுங்கள். வெளியே, ஒவ்வொரு சாலையிலும் ஒரு பெட்டி வையுங்கள். உள்ளே இருக்கும் பெட்டி, எதிரே உள்ள வாயிலைக் கடந்து, அடுத்த சாலையில் வெளியேற வேண்டும். வெளியே இருக்கும் பெட்டி, நேர் எதிர்ச் சாலைக்குப் போக வேண்டும்.

முதல் ஆட்டத்தில், வெளியே இருப்பவர்களை முதலில் விடுங்கள். நான்கு பெட்டிகளும் உள்ளே புகுந்துவிட்டன. புகுந்து என்ன பயன்? ஒவ்வொன்றின் முன்னாலும் ஏற்கனவே ஒரு பெட்டி நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் புதிதாகப் புகுந்த இன்னொரு பெட்டி! எட்டுப் பெட்டிகளும் ஒன்றை ஒன்று மறித்து நிற்கின்றன. ஒன்றுகூட அசைய முடியாது.

இரண்டாம் ஆட்டத்தில், உள்ளே இருப்பவர்களை முதலில் விடுங்கள். நான்கும் வாயிலைக் கடந்து, அடுத்த சாலையில் வெளியேறிவிட்டன. வட்டம் காலி! இப்போது வெளியே காத்திருந்த நான்கும் தாராளமாக நுழைந்து, சுற்றி, தங்கள் வழியே போய்விட்டன.

அதே வட்டம். அதே எட்டுப் பெட்டிகள். விதியை மாற்றியதும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உள்ளே இருப்பவர் வெளியேறினால்தான் வெளியே இருப்பவருக்கு இடம். அவருக்கு வழி விடுவது தர்மம் அல்ல, நமக்கே லாபம்!

பிரிட்டன் கற்ற பாடம்

இந்தத் தீப்பெட்டி விளையாட்டை ஒரு நாடே ஆடிப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

வட்டமாகச் சுற்றி வரும் சந்திப்புகள் 1900-களின் தொடக்கத்திலேயே நியூயார்க்கிலும் பாரிசிலும் வந்துவிட்டன. பிரிட்டனிலும் ஏராளமாகக் கட்டினார்கள். ஆனால், யார் முதலில் போவது என்பதற்குத் தெளிவான விதி இல்லை. வண்டிகள் பெருகப் பெருக, வட்டங்கள் இறுகிப் பூட்டிக்கொண்டன.

1966-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிட்டன் ஒரு விதி கொண்டு வந்தது. வட்டத்தில் நுழைகிறவர், வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதே அது. பிரிட்டனிலும் நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டுகிறார்கள். ஆகவே, உள்ளே சுற்றுகிற வண்டி நுழைகிறவருக்கு வலப்பக்கமிருந்துதான் வரும். இந்த ஒரு விதியால் போக்குவரத்து ஓட ஆரம்பித்தது.

இதற்காக ஆராய்ச்சி செய்தவர்களில் முக்கியமானவர் பிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளர். விதி சரியாக இருந்தால் எவ்வளவு சிக்கலான சந்திப்பும் ஓடும் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவர் வடிவமைத்த ஒரு சந்திப்பு 1972-ல் ஸ்விண்டன் என்ற ஊரில் வந்தது. ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி ஐந்து சிறிய வட்டங்கள்! அதற்கு 'மாய ரவுண்டானா' என்றே பெயர். இன்றும் அது இருக்கிறது.

ரவுண்டானாவில் உயிர்ச்சேதமும் குறைவு. இரண்டு சாலைகள் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்ளும் சாதாரணச் சந்திப்பில், வண்டிகள் ஒன்றோடு ஒன்று மோதக்கூடிய இடங்கள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒற்றை வரிசை ரவுண்டானாவில் அந்த இடங்கள் எட்டுத்தான். அதோடு, வட்டத்தில் யாரும் வேகமாகப் போக முடியாது. நேருக்கு நேர் மோதவும் வழி இல்லை.

ஆனால் ஒன்று. விதியை மதிக்காவிட்டால் வட்டம் வெறும் சிமெண்டுத் திட்டுதான்!

நுழைவது எப்படி?

பழகுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஒன்று: தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பாருங்கள்.

இரண்டு: எந்தச் சாலையில் வெளியேறப் போகிறீர்கள் என்பதை நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள். இடப்பக்கச் சாலைக்கென்றால் இட ஓரமாக வாருங்கள். இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். வலப்பக்கச் சாலைக்கென்றால் நடுத்திட்டை ஒட்டிய வரிசைக்கு வாருங்கள். வலது இண்டிகேட்டரைப் போடுங்கள். நேராகப் போகிறவர் நுழையும்போது இண்டிகேட்டர் போட வேண்டியதில்லை.

மூன்று: வலப்பக்கம் பாருங்கள். வண்டி வருகிறதா? நில்லுங்கள். இடம் இருக்கிறதா? நிற்காமல் நுழையுங்கள். இடம் இருந்தும் பயந்து நிற்பதும் தவறுதான். பின்னால் வருபவர் வந்து இடித்துவிடுவார்.

நான்கு: வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. இடப்பக்கம் சாலையைக் கடக்கும் பாட்டியையும் பள்ளிப் பிள்ளையையும் பாருங்கள். நடந்து கடப்பவருக்கு நின்று வழி விடுங்கள்.

ஐந்து: நீங்கள் வெளியேற வேண்டிய சாலைக்கு முந்திய சாலையைக் கடந்ததும், இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். அதைப் பார்த்துத்தான், வெளியே காத்திருப்பவர் "இவர் போய்விடுவார், நான் நுழையலாம்" என்று தெரிந்துகொள்வார்.

ஆறு: வெளியேற வேண்டிய சாலையைத் தவறவிட்டு விட்டீர்களா? நடு வழியில் நிற்காதீர்கள். பின்னால் எடுக்காதீர்கள். இன்னொரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கோயிலில் ஒரு சுற்று அதிகம் சுற்றினால் பாவமா வந்துவிடும்?

கரும்பு வண்டியிடம் எச்சரிக்கை

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புச் சீமை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை வரிசையாகப் போகும்.

இவை திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும். முன்னால் டிராக்டர் வலப்பக்கம் அகன்று போனாலும், பின்னால் டிரெய்லர் இடப்பக்கம் ஒடுங்கி வரும். "நடுவே சந்து இருக்கிறதே" என்று மோட்டார் சைக்கிளை நுழைத்தால், அந்தச் சந்து கண் முன்னே மூடிக்கொள்ளும். டிரைவர் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். கரும்பு மறைப்பதால் அவருக்குப் பின்னால் தெரியாது. பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் இது பொருந்தும். அவை திரும்பி முடிக்கும் வரை பின்னாலேயே நில்லுங்கள்.

வட்டம் இல்லாத சந்திப்பில்

எல்லா ஊரிலும் ரவுண்டானா இல்லை. சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினால் அதுவே சட்டம். சிக்னல் விளக்கு எரிந்தால் அதன்படி நடக்க வேண்டும். ரவுண்டானாவிலேயே சிக்னல் இருந்தாலும் அப்படித்தான்.

போலீஸ்காரரும் இல்லை, விளக்கும் இல்லை என்றால்? வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். ரவுண்டானா விதியின் அண்ணன் இது.

கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலைக்கு வருகிறவருக்கு இன்னொரு விதி. பிரதான சாலையில் போகிற வண்டிகளுக்கு, எந்தப் பக்கமிருந்து வந்தாலும், அவர் வழி விட்டே ஆக வேண்டும். தலைகீழ் முக்கோணப் பலகையைப் பார்த்தால் 'வழி விடு' என்று பொருள். எட்டு மூலைப் பலகையைப் பார்த்தால் 'நில்' என்று பொருள். வயலிலிருந்து வண்டியை எடுத்துச் சேலம் நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. தூரத்தில் புள்ளியாகத் தெரியும் கார், நாம் ஏறி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும்.

ஏறுகிறவருக்கு வழி விடு!

இனி, இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குப் போவோம்.

கல்வராயன் மலை, சமவெளியிலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 1976-ஆம் ஆண்டு வரை மலை, ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. இன்று அங்கே தாலுகா அலுவலகம் இருக்கிறது, பஸ் போகிறது. மரவள்ளியும் கடுக்காயும் கீழே இறங்குகின்றன. அரிசி, மருந்து, சிமெண்டு எல்லாம் மேலே ஏறுகின்றன. பிரசவத்துக்குப் போகிறவரும் கல்லூரிக்குப் போகிறவரும் மலைப்பாதையைத்தான் நம்பியிருக்கிறார்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் மலை இளைஞர் ஒருவருக்குப் பிழைப்புக்கு வழி கிடைக்கும்.

குறுகிய மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது சட்டம்.

ஏன் தெரியுமா? இறங்குகிறவர் நின்றால், பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் போதும். பிறகு பிரேக்கை விட்டால் வண்டி தானே உருளும். ஏறுகிறவர் நின்றால் கதை வேறு. கைப் பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றையும் சேர்த்துக் கையாண்டு, பாரத்தோடு மீண்டும் கிளப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் வண்டி பின்னால் உருளும். பின்னால் பஸ் இருக்கலாம், பள்ளமும் இருக்கலாம்!

யாருக்கு நிற்பது கஷ்டமோ, அவரைப் போக விடு. யாருக்கு நிற்பது சுலபமோ, அவர் நிற்கட்டும். மலை சொல்லும் நியாயம் இது. ரவுண்டானாவிலும் இதுதானே நியாயம்? உள்ளே சுற்றுகிறவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். வெளியே இருப்பவர் நின்றால் அவர் மட்டும் சற்று நின்றால் போதும். இரண்டு பள்ளிக்கூடத்திலும் பாடம் ஒன்றுதான்!

சட்டத்தோடு அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏறுகிறீர்கள். எதிரே ஆள் நிறைந்த பஸ் வளைவில் இறங்குகிறது. "ஏறுகிறவன் நான், எனக்கே உரிமை" என்று நடுவில் நிற்கலாமா? ஒதுங்க உங்களுக்கு ஒரு முழம் இடம் போதும். பஸ்ஸுக்கு அது போதாது. ஒதுங்குங்கள்.

மலையில் இன்னும் சில எச்சரிக்கைகள். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து மெதுவாகத் திரும்புங்கள். வளைவில் யாரையும் முந்தாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அந்தக் கியரே நல்லது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் எஞ்சினை நிறுத்துவதும் எமனை அழைப்பதற்குச் சமம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மழைக் காலத்தில் பள்ளத்துப் பக்கத்து மண் ஓரத்தை நம்பி ஒதுங்காதீர்கள்.

எடுப்பது அல்ல, கொடுப்பது

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்தால் எந்த விதியும் பேச வேண்டாம். ரவுண்டானாவாக இருந்தாலும், மலையாக இருந்தாலும், அவற்றுக்கே முதல் வழி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, இவற்றுக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாலை விதிகளைக் கூர்ந்து படித்துப் பாருங்கள். "நீ முதலில் போ" என்று எந்த விதியும் நம்மைப் பார்த்துச் சொல்வதில்லை. "நீ வழி விடு" என்றுதான் சொல்கிறது. வழி உரிமை என்பது நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. மற்றவர் கொடுக்கும்போது நமக்குக் கிடைக்கும் பொருள். ஆகவே, உரிமை நம் பக்கம் இருந்தாலும், எதிரே வருபவர் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம். அவருடைய பிரேக் பிடிக்காமல் இருக்கலாம். நியாயம் நம் பக்கம் இருந்து, நாம் ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன பயன்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஒரு வண்டிக்கு வழி விட எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று விநாடி, நான்கு விநாடி. ஒரு பயணத்தில் பத்து இடத்தில் வழி விட்டாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் சோறு ஆறிப்போகாது!

கோலமாவு இன்னும் மிச்சம் இருக்கிறதா? குழந்தைகளை இன்னொரு முறை அந்த விளையாட்டை ஆடச் சொல்லுங்கள். விதியை இந்த முறை அவர்களே சொல்லட்டும். நாளைக்கு அப்பா வண்டி ஓட்டும்போது, பின் சீட்டிலிருந்து "அப்பா, உள்ளே இருப்பவர் முதலில்!" என்று ஒரு குரல் வந்தால், அதைவிட நல்ல ஆசிரியர் யார் வேண்டும்?